கூகுளே பதில் சொல்லிவிட்டால் எமது கடைக்கு இணையத்தளம் எதற்கு?

வெள்ளவத்தை காலி வீதியில் துணிக்கடை நடத்தும் ஒரு ஹாஜியார் சில மாதங்களுக்கு முன்னர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும்தான் எனது தொழில். நான் போனபோது மேசையில் ஓர் அறிக்கையை விரித்து வைத்திருந்தார். அவரது இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் மாதா மாதம் அனுப்பும் அறிக்கை அது. முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது தளத்துக்கு வருவோர் தொகை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் மாதக் கட்டணத்தை இரு மடங்காக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

"தம்பி, வெப்சைட்டுக்கு ஆள் வாறது பாதியாக் கொறஞ்சி போச்சாம். ஆனா கடைக்கு ஆள் வாறது கொறயல்லியே. பெருநாளைக்கு நிக்க எடமிருக்கல்ல. இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

நான் கடையில் வேலை செய்யும் பிள்ளையின் கைத்தொலைபேசியை வாங்கிக் கடையின் பெயரைக் கூகுளில் அடித்துக் காட்டினேன். முதல் திரையிலேயே ஒரு பெட்டி வந்தது. கடையின் படம், வாடிக்கையாளர்கள் கொடுத்த நட்சத்திரங்கள், இப்போது திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு மூடும், தொலைபேசி இலக்கம், வழி காட்டும் பொத்தான் என எல்லாமே அதில் இருந்தன. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் எமது உறவுகள் கலியாணச் சாரி எடுக்க வெள்ளவத்தைக்குப் புறப்படும் முன்னர் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான். தேவையான பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பிறகு ஏன் இணையத்தளத்தைத் திறக்கப் போகிறார்கள்? அவர்கள் நேரே கடைக்கு வந்துவிட்டார்கள். அறிக்கையில் "குறைவு" என்று காட்டப்பட்டவர்களில் பலர் கடைக்குள்ளேதான் நின்றிருந்தார்கள்.

அதே வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நானா அழைத்தார். கலியாண வீடுகளுக்கும் வைபவங்களுக்கும் சஹன் சாப்பாடு செய்து கொடுப்பவர். அவருடைய பிரச்சினை நேர்மாறானது. சில ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒரு தம்பி அவருக்காகக் கூகுளில் கடையைப் பதிந்து கொடுத்திருக்கிறார். பதிந்தது அந்தத் தம்பியின் சொந்த மின்னஞ்சலில். தம்பி இப்போது கட்டாரில். நானா சமையற்கட்டை ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து வேறோர் ஒழுங்கைக்கு மாற்றினார், தொலைபேசி இலக்கத்தையும் மாற்றினார். கூகுளுக்கு அது தெரியாது. பழைய இடத்தையும் பழைய இலக்கத்தையும் அது இன்னமும் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை ஓடர்கள் கைவிட்டுப் போயின என்று அவருக்குத் தெரியாது. அடிக்காத தொலைபேசிக்குக் கணக்கு ஏது?

இந்த இரண்டு கடைகளிலும் நடப்பது ஒரே மாற்றம். ஒருவருக்கு அது இலவச விளம்பரமாகவும் மற்றவருக்குக் கண்ணுக்குத் தெரியாத நட்டமாகவும் ஆகியிருக்கிறது. எமது சமூகத்தில் சிறு வியாபாரம் செய்வோர் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று நினைத்தேன்.

தேடுபொறி பதில்பொறியான கதை

முன்பெல்லாம் கூகுள் ஒரு வழிகாட்டி மட்டுமே. கேள்வியைக் கொடுத்தால் பத்து இணையத்தளங்களின் பெயர்களை வரிசையாகத் தரும். நாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். 2012 மே மாதத்தில் "நொலேஜ் கிராப்" என்ற தகவல் களஞ்சியத்தை அது அறிமுகப்படுத்தியது. ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள் பற்றிய விபரங்கள் தேடல் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் வரத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் ஏதோ ஓர் இணையத்தளத்தின் ஒரு பந்தியை மட்டும் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே காட்டும் வழக்கமும் வந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவு பல தளங்களைப் படித்துத் தானே ஒரு சுருக்கம் எழுதித் தரும் வசதி பொதுப் பாவனைக்கு வந்தது. ஓராண்டுக்குள் அது 200க்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவின் ஸ்பார்க்டோரோ நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் நடக்கும் கூகுள் தேடல்களில் 58.5 சதவீதமானவை எந்த இணைப்பையும் அழுத்தாமலேயே முடிந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 59.7 சதவீதம். பியூ ஆய்வு மையம் 2025 ஜூலையில் வெளியிட்ட தரவும் இதையே சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வராத தேடல்களில் 15 சதவீதமானவற்றில் ஏதாவதொரு தளத்தின் இணைப்பு அழுத்தப்படுகிறது. சுருக்கம் வந்தால் அது 8 சதவீதமாகக் குறைகிறது. சுருக்கத்துக்குள் தரப்படும் மூல இணைப்பை அழுத்துவது 1 சதவீதம்தான்.

இந்தத் தரவுகள் வெளிநாட்டுக்குரியவை. ஆனால் எமது கைத்தொலைபேசியில் நாம் தேடும் விதத்தை நாமே கவனித்தால் போதும். "இன்று டொலர் விலை", "வெள்ளவத்தையில் மருந்துக்கடை", "மஃரிப் நேரம்" என்று தேடிவிட்டு எத்தனை தடவை நாம் ஓர் இணையத்தளத்துக்குள் போயிருக்கிறோம்?

யாருக்கு நட்டம், யாருக்கு இலாபம்?

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். தகவலையே விற்றுப் பிழைப்பவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய அடி.

அமெரிக்காவில் பிரபலங்களின் சொத்து மதிப்பைத் தொகுத்து வெளியிடும் செலிப்ரிட்டி நெட் வொர்த் என்ற தளம் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் தளத்தின் தரவுகளைத் தனது பெட்டிகளில் காட்ட 2014இல் கூகுள் அனுமதி கேட்டது. அதன் உரிமையாளர் பிரையன் வோர்னர் மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் அவரது தளத்திலிருந்தே எடுத்த பதில்கள் கூகுளின் முதற்பெட்டியில் வரத் தொடங்கின. தளத்துக்கு வருவோர் தொகை ஓராண்டுக்குள் 65 சதவீதம் சரிந்தது. சந்தேகப்பட்ட வோர்னர் இல்லாத சில பிரபலங்களைக் கற்பனையாக உருவாக்கித் தனது தளத்தில் போட்டார். கூகுள் அவர்களது சொத்து மதிப்பையும் அப்படியே எடுத்துக் காட்டியது.

செய்தித் தளங்களின் நிலையும் இதுதான். வாசகர் உள்ளே வராவிட்டால் விளம்பரம் இல்லை, வருமானமும் இல்லை.

துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் அப்படியல்ல. ஹாஜியார் விற்பது சாரி. "கடை எத்தனை மணிக்குத் திறக்கும்" என்ற தகவலை அவர் விற்கவில்லை. அந்தப் பதிலைக் கூகுள் இலவசமாக எல்லோருக்கும் சொன்னால் அவருக்கு நன்மைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பதில் சரியாக இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனை நானாவுக்கு நடந்தது அந்த நிபந்தனை தவறியதன் விளைவு.

ஆகவே ஒரு கடைக்காரர் "எனது தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்" என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. "எனது கடையைப் பற்றிக் கூகுள் சொல்லும் பதில் சரியா, அதற்கு விபரம் கொடுத்தவர் யார்" என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நாம் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள். கூகுள் வரைபடத்தில் எந்தப் பாவனையாளரும் ஒரு கடையின் நேரத்தையோ இலக்கத்தையோ திருத்தும்படி பரிந்துரைக்கலாம். "நிரந்தரமாக மூடப்பட்டது" என்றுகூடப் பரிந்துரைக்கலாம். எல்லாப் பரிந்துரைகளையும் கூகுள் ஏற்பதில்லை. ஆனால் உரிமையாளர் கவனிக்காத கடையில் தவறான திருத்தம் நீண்ட நாள் அப்படியே நிற்கும்.

எம்மைப் பற்றிய பதிலை மற்றவர்கள் எழுத விட்டால் என்னவாகும் என்பது எமக்குப் புதிய பாடமல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலப்பதாக ஒரு காணொளி பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை பின்னர் சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அப்படியான வெறுப்பை ஓர் இணையத்தளம் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எம்மைப் பற்றித் தேடுபவருக்கு எமது வாயால் சொல்லப்பட்ட, ஆதாரமுள்ள தகவல் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

முதல் வேலை: சாவி யார் கையில்?

கூகுளில் வரும் அந்தக் கடைப்பெட்டிக்குப் பெயர் "கூகுள் பிஸ்னஸ் புரொபைல்". 2021 நவம்பர் வரை "கூகுள் மை பிஸ்னஸ்" என்று அழைக்கப்பட்டது இதுதான். இது முற்றிலும் இலவசம். இதில் இடம்பெறவோ உள்ளூர் முடிவுகளில் மேலே வரவோ கூகுள் காசு வாங்குவதில்லை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், காசு கட்டாவிட்டால் உங்கள் கடையை நீக்கிவிடுவோம்" என்று யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து அதையே முதன்மை உரிமையாளராக வையுங்கள். இணையத்தளம் செய்து தருபவருக்கு "முகாமையாளர்" அனுமதி போதும். கடை உறுதியைத் தரகர் வீட்டில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குவோமா? இதுவும் அப்படித்தான். இணையத்தளத்தின் டொமைன் பெயரும் உங்கள் பெயரிலேயே பதியப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்கனவே வேறொருவர் கையில் இருந்தால் கூகுளிலேயே உரிமை கோரலாம். தற்போதைய உரிமையாளருக்குப் பதிலளிக்க மூன்று நாள் தரப்படும். பதில் வராவிட்டால் பெரும்பாலும் நீங்களே உறுதிப்படுத்தி எடுத்துக்கொள்ள முடியும். இப்போது பல கடைகளிடம் காணொளி மூலமான உறுதிப்படுத்தல் கேட்கப்படுகிறது. வீதிப் பெயர்ப்பலகை, கடையின் பெயர்ப்பலகை, உள்ளே பொருட்கள், நீங்கள்தான் கடையை நடத்துகிறீர்கள் என்பதைக் காட்டும் ஏதாவது ஒன்று, எல்லாவற்றையும் ஒரே காணொளியில் காட்ட வேண்டும். கொட்டாஞ்சேனை நானாவுக்கு நாங்கள் இப்படித்தான் எடுத்தோம். கட்டாரில் இருந்த தம்பிக்கு அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லே மறந்து போயிருந்தது.

பெயர், இடம், இலக்கம், நேரம்

கூகுள் உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விடயங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பன அவை. தூரத்தை எம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் எமது கையில் இருக்கின்றன.

கடையின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் மூன்றும் பெயர்ப்பலகையில், இணையத்தளத்தில், பேஸ்புக்கில், கூகுளில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் "டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை" என்றும் மற்றோரிடத்தில் பழைய பெயரான "ஹை ஸ்ட்ரீட்" என்றும் போட்டால் மனிதருக்கு விளங்கும். இயந்திரம் இரண்டு கடைகளோ என்று குழம்பக் கூடும். பெயரோடு "சிறந்த மலிவான சாரிக் கடை கொழும்பு" என்று வால் ஒட்டுவதும் கூடாது. அது கூகுளின் விதிக்கு முரண். யாராவது முறையிட்டால் பெட்டியே முடக்கப்படலாம்.

எமது நகரத்துக்கு மூன்று மொழிகள். அதனால் ஊர்ப் பெயர்களும் பலவாகி நிற்கின்றன. தமிழில் கொட்டாஞ்சேனை என்பதைச் சிங்களத்தில் கொடஹேன என்பார்கள். வெள்ளவத்தையின் கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். சிலர் கொழும்பு 06 என்றும் கொழும்பு 13 என்றும்தான் தேடுவார்கள். சஹன் என்பதை ஆங்கில எழுத்தில் "சவன்" என்று அடிப்போரும் உண்டு. இவை எல்லாம் உங்கள் இணையத்தளத்தின் வாசகங்களில் இயல்பாக ஓரிடத்திலாவது வர வேண்டும். வசதி இருந்தால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கங்கள் வையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல் அந்த மொழி பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள்.

நேர விடயத்தில்தான் எமது கடைகள் அதிகம் தவறுகின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை மூடுகிறோம். கூகுள் "திறந்துள்ளது" என்கிறது. தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார். சில வேளை கோபத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிடுகிறார். ஒரே நாளுக்கு இரண்டு நேரத் துண்டுகள் கொடுக்கும் வசதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. காலை முதல் நண்பகல் வரை ஒன்று, தொழுகைக்குப் பின் மற்றொன்று. நோன்பு காலம், பெருநாளுக்கு முந்திய இரவுகள், போயா தினங்கள் ஆகியவற்றுக்குத் திகதி குறித்துச் "சிறப்பு நேரம்" கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆண்டு முழுவதும் பலன் தரும்.

இணையத்தளத்தில் பதிலை எப்படி எழுதுவது?

இனி இணையத்தளத்துக்கு வருவோம். கூகுளின் பெட்டியோ செயற்கை நுண்ணறிவோ பதிலைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ எழுதி வைத்ததிலிருந்துதான் எடுக்கிறது. அந்த "யாரோ" நீங்களாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இணையத்தளம்.

முதலில் வாடிக்கையாளர் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நானாவிடம் கேட்டபோது அவர் நிறுத்தாமல் சொன்னார். ஒரு சஹன் எத்தனை பேருக்கு? எத்தனை நாளைக்கு முன்னர் சொல்ல வேண்டும்? மாட்டிறைச்சியா, கோழியா? வத்தளைக்குக் கொண்டு வந்து தருவீர்களா? சஹன் தட்டை எப்போது திருப்பித் தர வேண்டும்?

ஒவ்வொரு கேள்வியையும் வாடிக்கையாளரின் சொற்களிலேயே தலைப்பாக்குங்கள். அதன் கீழே முதல் இரண்டு வாக்கியங்களில் நேரடியாகப் பதில் வர வேண்டும். கடையின் வரலாறும் நன்றியுரையும் பிறகு வரலாம். நானாவின் தளத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "ஒரு சஹன் ஆறு பேருக்குப் போதுமானது. கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் சமைத்துக் கொழும்பு 01 முதல் 15 வரை கொண்டு வந்து தருகிறோம். குறைந்தது மூன்று நாளைக்கு முன்னர் ஓடர் கொடுக்கவும்." இதை மனிதரும் உடனே விளங்கிக்கொள்வார், இயந்திரமும் அப்படியே எடுத்துச் சொல்லும்.

இரண்டாவது, எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். எமது கடைகளில் பல விலைப்பட்டியலை அழகான போஸ்டராகச் செய்து படமாகப் போடுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாக எடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பேஸ்புக் பதிவில் மட்டும் இருப்பதும் இரண்டு வாரத்தில் அடியில் போய்விடும்.

மூன்றாவது, திகதி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த நெருக்கடிக்கு முந்திய விலைகளை இன்னும் சுமந்துகொண்டு நிற்கும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு அந்த விலையை எடுத்துச் சொன்னால் வாடிக்கையாளர் உங்களோடுதான் சண்டைக்கு வருவார். விலை போட்டால் எந்த மாதத்து விலை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஹலால் விடயமும் இப்படித்தான். ஹலால் சான்றிதழ் வழங்கும் பணியை 2014 முதல் ஹலால் எக்ரெடிடேஷன் கவுன்சில் செய்து வருகிறது. உங்களிடம் சான்றிதழ் இருந்தால் இலச்சினைப் படத்தோடு நிறுத்தாமல், யார் வழங்கியது, எதுவரை செல்லுபடியாகும் என்பதை எழுத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இருப்பதுபோல் காட்டாமல், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "இந்தக் கடை ஹலாலா" என்று தேடுபவருக்கு யாரோ ஒருவர் எப்போதோ போட்ட பின்னூட்டத்திலிருந்து பதில் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காவது, "ஸ்கீமா" எனப்படும் குறிப்பு. 2011இல் கூகுள், யாகூ, மைக்ரோசொப்டின் பிங் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய பொது முறை இது. இது பெயர், இது விலாசம், இது நேரம் என்று பக்கத்தின் பின்னால் இயந்திரத்துக்கு விளங்கும்படி ஒட்டும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைப் போத்தல்களில் "சீனி", "உப்பு" என்று எழுதி ஒட்டுவதைப் போல. தளம் செய்பவரிடம் உள்ளூர் வியாபாரத்துக்குரிய ஸ்கீமா இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு தடவை செய்தால் போதும், விபரம் மாறும்போது மட்டும் திருத்த வேண்டும்.

எதற்குக் காசு கொடுக்கக் கூடாது?

ஹாஜியாரின் அறிக்கையில் மேலதிகக் கட்டணத்துக்கான காரணங்களில் ஒன்று "கேள்வி பதில் ஸ்கீமா". கேள்வி பதில்களைத் தேடல் முடிவின் கீழே விரித்துக் காட்டும் வசதியைக் கூகுள் 2023 ஓகஸ்டிலேயே பிரபலமான அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. துணிக்கடைக்கு அதைக் காரணம் காட்டிக் காசு வாங்குவது நியாயமில்லை.

இன்னொன்று "செயற்கை நுண்ணறிவுக்கான விசேட பொதி". தனது சுருக்கங்களில் இடம்பெற விசேட நிபந்தனையோ தனியான ஸ்கீமாவோ தேவையில்லை, வழமையான நல்ல நடைமுறைகளே போதும் என்று கூகுள் தனது வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். தன் கையில் இல்லாத ஒன்றை அவர் விற்கிறார்.

காசு கொடுத்து நல்ல பின்னூட்டங்கள் வாங்குவதும், விலைக்கழிவு தருவதாகச் சொல்லி நட்சத்திரம் கேட்பதும் கூகுளின் விதிப்படி தடை. விதி இருக்கட்டும், அது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. அளவையில் ஏமாற்றுவது பிழை என்று அறிந்த சமூகம் நாம். உண்மையாகத் திருப்திப்பட்ட வாடிக்கையாளரிடம் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. குறை சொன்னவருக்குச் சுடச்சுடப் பதில் எழுதாமல், மரியாதையோடு இரண்டு வரி எழுதுங்கள். அதை அவரைவிட அடுத்து வரும் நூறு பேர்தான் வாசிப்பார்கள்.

உள்ளே வருவதற்கு ஒரு காரணம்

எல்லாப் பதிலையும் கூகுளே சொல்லிவிட்டால் தளத்துக்குள் வர என்ன காரணம் மிஞ்சும்? பெட்டிக்குள் அடங்காதவைதான். மணப்பெண் சாரியோடு சட்டைக்கு அளவெடுக்கும் முறை, புதிதாக வந்த துணிகளின் படங்கள், நூறு பேருக்கா முந்நூறு பேருக்கா என்று போட்டால் சஹன் எண்ணிக்கையைச் சொல்லும் படிவம், ஒரே அழுத்தலில் வட்ஸ்அப்புக்குப் போகும் பொத்தான். இப்படி உள்ளே வருபவர் வெறும் பார்வையாளரல்ல, பாதி வாடிக்கையாளர். தொகை குறையும், தரம் கூடும்.

ஏதாவது ஒரு பந்தியைக் கூகுள் எடுத்துக் காட்டுவது உங்களுக்கு விருப்பமில்லை என்றால், அந்தப் பகுதியை எடுக்க வேண்டாம் என்று குறிப்பிடும் வசதியும் 2019 முதல் இருக்கிறது. சாதாரண கடைக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

கூகுள் பெட்டி மட்டும் போதும், தளமே வேண்டாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். பிஸ்னஸ் புரொபைலோடு சேர்த்துச் சிறு கடைகளுக்கு இலவச இணையத்தளங்களையும் கூகுள் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டது. அதே ஆண்டு ஜூலை முடிவில் பெட்டியில் இருந்த அரட்டை வசதியையும் நிறுத்தியது. அது அவர்களுடைய வீடு, விரும்பியபோது சுவரை இடிப்பார்கள். உங்கள் டொமைனில் உள்ள தளம் சிறியதாக இருந்தாலும் உங்களுடையது.

எதை எண்ணுவது?

பிஸ்னஸ் புரொபைலில் எத்தனை பேர் அங்கிருந்து அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் தளத்துக்குப் போனார்கள் என்ற கணக்கு இருக்கிறது. கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவி உங்கள் தளம் எத்தனை தடவை தேடலில் காட்டப்பட்டது, எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்று சொல்லும். காட்டப்படுவது கூடி அழுத்தப்படுவது குறைந்தால் பயப்பட வேண்டாம். அழைப்பும் வழி கேட்பும் சேர்ந்து குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் விட நம்பகமானது காசு வாங்கும் மேசையில் ஒரு கொப்பி. "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு போட்டால் போதும். ஹாஜியாரின் கடையில் இப்போது அந்தக் கொப்பி இருக்கிறது. கூகுள், பேஸ்புக், தெரிந்தவர் சொன்னது, சும்மா வீதியால் போகும்போது கண்டது என்று நான்கு நிரல்கள். இரு மடங்குக் கட்டணம் கேட்ட நிறுவனத்திடம் அவர் அந்தக் கொப்பியைக் காட்டி, முதலில் ஜும்ஆ நேரத்தைச் சரிசெய்யும்படி சொன்னாராம்.

இதை வாசிக்கும் வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு கடை மூடிய பின்னர் உங்கள் தொலைபேசியில் அல்லாமல் வேறொருவரின் தொலைபேசியில் உங்கள் கடையின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். பிறகு நீங்கள் விற்கும் பொருளையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வருகின்ற நேரத்தை வாசியுங்கள். வழி காட்டும் பொத்தானை அழுத்தி, அது உங்கள் வாசலுக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக அங்கே இருக்கும் இலக்கத்துக்கு அழையுங்கள். அடிப்பது உங்கள் கடைத் தொலைபேசியாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். வேறு யாராவது எடுத்தால், நாளைய முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான்.